பேர் வெட்டிய டம்ளர்

பன்னிரண்டு மணிக்குள் முடிந்துவிட வேண்டும். புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம், அந்த நேரத்தில் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் விளங்கின மாதிரிதான். இப்போது மணி பதினொன்று ஐந்து. எங்கள் டோக்கன் பதினேழு, உள்ளே போயிருப்பது பதினொன்று. ஒரு டோக்கனுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் நேரே ராகுவின் வாயில் போய் விழுவோம், எட்டு நிமிடம் என்று வைத்தால் தப்பித்துவிடுவோம். இந்தக் கணக்கை நாலாவது தடவையாகப் போடுகிறேன். போடும்போதெல்லாம் பத்து நிமிடமே ஆகட்டும், நேரம் தப்பிப்போகட்டும், இன்றைக்கு வேண்டாம் என்று வேறு யாராவது சொல்லிவிடட்டும் என்று உள்ளே ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. அப்படிச் சொன்னால் இந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதுவிடுவேன் என்பதும் எனக்குத் தெரியும். "பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காது" என்று புரோக்கர் அய்யாத்துரை காலையிலிருந்து ஐந்து பேரிடம் சொல்லியாகிவிட்டது, புதன்கிழமையை அவரே கொள்முதல் செய்துகொண்டு வந்த மாதிரி. பதிவு ஆபீஸ் வராந்தாவில் இரண்டு பெஞ்சு. இந்தப் பெஞ்சில் நானும் என் வீட்டுக்காரரும். எதிர்ப் பெஞ்சில் வீட்டை விற்கிறவர்கள் மூன்று பேர், மூத்தவர் குமரேசன், இளையவர் நெல்லையப்பன், நடுவில் அவர்கள் அம்மா பிரமு அம்மாள். பத்திரத்தில் அவர்களுக்கு எழுதிக் கொடுப்பவர்கள் என்று பேர், எனக்கு எழுதி வாங்குபவர். செண்பகவல்லி, வயது நாற்பத்தெட்டு, மகளிர் பள்ளிக்கூடத்து ஆபீஸில் கிளார்க். இருபத்திரண்டு வருடமாகப் பெண் பிள்ளைகளின் பேரைப் பதிவேட்டில் எழுதுகிற வேலை. எழுத்து என்று எதைப் பார்த்தாலும் வாசித்துவிடுவேன், பஸ்ஸின் முதுகில் இருந்தாலும் சரி, கடலை மடித்த காகிதத்தில் இருந்தாலும் சரி. அந்தச் சனியன் பிடித்த பழக்கம்தான் என்னை இந்தப் பெஞ்சில் முள்மேல் உட்கார வைத்திருக்கிறது.

பிரமு அம்மாள் என்னைப் பார்க்கிறாள். நான் சுவரில் ஒட்டியிருக்கிற "இடைத்தரகர்களை நம்பாதீர்" நோட்டீஸைப் பார்க்கிறேன். அதற்கு நேர் கீழே அய்யாத்துரை நிற்கிறார். சிரிப்பு வர வேண்டிய இடம், வரவில்லை. இருபத்துமூன்று நாளுக்கு முன்னால் அந்த வீட்டை மூன்றாவது தடவை பார்க்கப் போயிருந்தோம். என் வீட்டுக்காரர் பின்பக்கம் தண்ணீர் மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கப் போய்விட்டார். நான் அடுப்படியில் நின்று கிழக்கு ஜன்னலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு முருங்கை, அதற்கு அப்பால் வானம், வேறு யார் வீட்டுச் சுவரும் இல்லை. முந்தின இரண்டு தடவையும் தண்ணீர் வேண்டாம் என்றிருந்தோம், அன்று கேட்காமலே பிரமு அம்மாள் கொண்டுவந்து கொடுத்தாள். எவர்சில்வர் டம்ளர், கனமான பழைய சாமான். வாய்க்குக் கொண்டுபோகும்போதே கண் வாசித்துவிட்டது. புள்ளி புள்ளியாக வெட்டின எழுத்து. சி. பூமயில், சடங்கு, 11-6-92. இன்னொரு தடவை வாசித்தேன். ஏனென்றால் அந்த வீட்டின் செத்துப்போன சொந்தக்காரர் பேர் சிவனணைந்தபெருமாள், பிள்ளைகள் சி. குமரேசன், சி. நெல்லையப்பன், வாரிசுச் சான்றிதழில் இருப்பது மனைவி ஒன்று, மகன்கள் இரண்டு, ஆக மூன்று பேர். மகள் என்று ஒரு வரி இல்லை. குடித்து முடித்தேன். பின்வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. அவருக்குத் தண்ணீர் ஊற்ற அதே டம்ளரை எடுப்பார்களோ என்று பயந்து, அலமாரித் தட்டில் உள்ளே தள்ளி, பேர் சுவரைப் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. கைதான் செய்தது. கையை வெட்டிப் போடவா முடியும்.

யாருடைய டம்ளராவது மாறி வந்திருக்கும் என்று வீடு வருகிற வரைக்கும் சொல்லிக்கொண்டேன். ஏன், எங்கள் வீட்டிலேயே கா.மு. பேச்சியம்மாள் என்று பேர் வெட்டின ஒரு தூக்குச்சட்டி இருக்கிறது, அந்தப் பேச்சியம்மாள் யாரென்று எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஒருத்தருக்கும் தெரியாது, ஏதோ கல்யாண வீட்டில் மாறி வந்து பதினைந்து வருடமாக எங்களுக்குச் சாம்பார் சுமக்கிறது. ஆனால் இது அப்படியில்லை. விருந்தாளி கொடுக்கிற பாத்திரத்தில் கொடுக்கிறவர் பேர்தான் பெரிதாக இருக்கும், மொய்யை மறந்துவிடக் கூடாதே. பிள்ளை பேரை மட்டும் வெட்டிக் கொடுப்பவர்கள் பெற்றவர்கள்தான். அதுவும் வயதுக்கு வந்த சடங்குக்கு வாங்கின சாமான் அந்தப் பிள்ளை கல்யாணமாகிப் போகும்போது சீரோடு சீராகக் கூடவே போயிருக்க வேண்டும். போகாமல் அம்மா வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறதென்றால் அவள் வெறுங்கையோடு போயிருக்கிறாள். இல்லையென்றால் செத்திருக்கிறாள். செத்திருக்கலாம் என்றுதான் அன்று ராத்திரி முழுக்க நினைத்தேன். செத்துப்போயிருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு அடுப்படி ஜன்னலுக்காக முகம் தெரியாத ஒருத்தியை நான் சாகடித்துப் பார்த்தேன். 92-ல் சடங்கு என்றால் இப்போது நாற்பத்தாறு நாற்பத்தேழு இருக்கும். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள்.

பன்னிரண்டாவது டோக்கன் உள்ளே போகிறது. வக்கீலம்மா இன்னும் உள்ளே கம்ப்யூட்டர்க்காரப் பெண்ணிடம் நின்று எங்கள் பத்திரத்தில் பேர், அளவு எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ரத்னபாய் மேடம். கதவிடுக்கில் அவள் முதுகும் கழுத்தில் தொங்குகிற கண்ணாடிச் சங்கிலியும் தெரிகிறது. அந்த முதுகைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவளைத் தேடிப் பிடித்ததே நான்தான். அய்யாத்துரை முதலில் தன்னுடைய வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனார், அவர் ஃபைலைத் திறக்காமலே "கண்ண மூடிட்டு வாங்கலாம்மா" என்றார். கத்தரிக்காயையே காம்பைப் பார்த்துத்தான் வாங்குகிறேன், வீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டுமாம். விற்கிறவர்களுக்கும் அவர்தான் வக்கீல் என்று பிறகு தெரிந்தது, மாப்பிள்ளைக்கும் அவரே பெண்ணுக்கும் அவரே. இரண்டாவது, என் வீட்டுக்காரரின் சிநேகிதருக்கு மச்சினன், நாங்கள் பேசினவரையில் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பேங்கில் அவர்களுக்கென்று ஒரு வக்கீல் இருக்கிறார், அவர் பார்ப்பது பேங்குக்காக. அப்புறம்தான் எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி, பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலம்மா இருக்கிறாள், ஆனால் கேள்வி கேட்டே கொன்றுவிடுவாள், பல பேர் அவளிடம் போய் வாங்க நினைத்த வீட்டை விட்டுவிட்டார்கள் என்று சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்கு அவள்தான் வேண்டும் என்று தோன்றிவிட்டது. போன முதல் நாளே ரத்னபாய் மேடம் சொன்னாள், "நான் ஒங்களுக்கு மட்டும்தான் வக்கீல். விக்கிறவங்களுக்கு இல்ல, புரோக்கருக்கு இல்ல, பேங்குக்கும் இல்ல. எங்கிட்ட மறைச்சா எனக்கு ஒண்ணும் நட்டமில்ல, பாத்துக்கிடுங்க." தாய்ப் பத்திரம் கேட்டாள், முப்பது வருடத்து வில்லங்கச் சான்று கேட்டாள், பட்டா, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். எல்லாவற்றையும் நாலு நாள் வைத்திருந்து, கிழக்கு எல்லை தாய்ப் பத்திரத்தில் மாடசாமி மனை என்று இருக்கிறது, இவர்கள் பொதுச் சந்து என்று எழுதியிருக்கிறார்கள் என்று ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் இழுத்துத் திருத்தவைத்தாள். அய்யாத்துரை தலையில் அடித்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. எனக்கென்று ஒருத்தி வாசிக்கிறாள் என்று இருந்தது.

அவளிடம்தான் பொய் சொன்னேன். வக்கீலிடமும் வைத்தியரிடமும் பொய் சொல்லக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். டம்ளரைப் பார்த்து இரண்டு நாள் கழித்து அவள் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். மேலே மின்விசிறி, மேஜையில் பாதி கடித்த பிஸ்கட், பைபிளுக்குப் பக்கத்தில் முத்திரை மை. வாரிசுச் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டாள், "ரெண்டும் ஆம்பளப் பிள்ளைன்னு போட்டிருக்கு. பொம்பளப் பிள்ள உண்டான்னு அக்கம்பக்கத்துல விசாரிச்சீங்களா? நம்ம ஊருல கட்டிக் குடுத்துட்டா கணக்குல சேக்க மாட்டாங்க, அதான் கேக்கேன்." நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் யாராவது உண்டு என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்து அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. "விசாரிச்சேன் மேடம். யாரும் இல்ல" என்றேன். அவள் காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்ன டிக் அடித்தாள். என் வார்த்தையை நம்பி அடித்த டிக். அந்தப் பென்சில் சத்தம் இன்னும் காதுக்குள் இருக்கிறது. கேள்வி கேட்கிற வக்கீல் வேண்டும் என்று தேடிப் போய், கேட்ட ஒரே முக்கியமான கேள்விக்குப் பொய்யைச் சொல்லிவிட்டு வந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். காசு கொடுத்துக் காவலுக்கு ஆள் வைத்துவிட்டு, பின்வாசலை நானே திறந்துவைத்த கதை.

ஆனால் எனக்கு அந்த வீடு வேண்டும். இதை யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை, வேண்டும் என்றால் அப்படி வேண்டும். கல்யாணமாகி இருபத்து நாலு வருடத்தில் ஏழு வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது. அம்மி போடக் கூடாது. ஒன்பது மணிக்கு மேல் வாளி சத்தம் கேட்கக் கூடாது. ஒரு வீட்டில், விருந்தாளி வந்தால் முந்தின நாளே சொல்ல வேண்டும். இப்போது குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரர் மகனுக்குக் கல்யாணம் வைத்துவிட்டார், இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும், பாத்திரத்தில் பாதியை அட்டைப்பெட்டியில் கட்டியாகிவிட்டது. இந்த வீடு இன்றைக்குக் கைமாறாவிட்டால் எட்டாவது வாடகை வீட்டைத் தேட வேண்டும், எட்டாவது ஆளிடம் நாங்கள் இரண்டு பேர்தான், பிள்ளைகுட்டி கிடையாது, சத்தம் வராது என்று சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். பிள்ளையில்லாததை ஒரு வசதி மாதிரி ஏழு தடவை சொல்லிவிட்டேன். எட்டாவது தடவை சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு சுவர் வேண்டும், அதில் எனக்கு இஷ்டமான இடத்தில் ஒரு ஆணி.

"ஏன் ஒனக்கு இப்படி வேர்க்கி? தண்ணி குடிக்கியா?" என்கிறார் அவர். தண்ணீர் என்றதும் எனக்கு அந்த டம்ளர்தான் தெரிகிறது. வேண்டாம் என்று தலையாட்டுகிறேன். "எல்லாம் வக்கீலம்மா பாத்துட்டா. அவ பாத்து ஒண்ணு தப்பாப் போவுமா? நீ என்னத்துக்குப் பதறுத?" என்று முதுகைத் தட்டுகிறார். அவர் மின்வாரியத்தில் இருக்கிறார், கம்பியில் கரண்ட் இல்லை என்று ஒருத்தர் சொன்னால் நம்பித்தான் கம்பத்தில் ஏறுகிற மனுஷர். கீழே நிறுத்தினேன் என்று சொல்பவன் நிறுத்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. இப்போது மேலே ஏறிக்கொண்டிருக்கிறார், கீழே நான் நிற்கிறேன். மணி பதினொன்று இருபத்தெட்டு. டோக்கன் பதினாலு. வேகமாகப் போகிறது. ராகு காலம் வருகிறதென்றால் அரசாங்க ஆபீஸும் ஓடும்போலிருக்கிறது.

இதே வராந்தா, இதே பெஞ்சு, அப்போது பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். எங்கள் அப்பா செத்து எட்டாவது மாதம், அண்ணன் போன் பண்ணினான், "செம்பகம், ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிரு, பத்து நிமிசம்தான்." பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தேன். காகிதத்தை நீட்டினான், ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவைத்திருந்தான், குறி போட்ட இடமெல்லாம் போட்டேன். எதையும் வாசிக்காமல் விடாதவள் அன்றைக்கு வாசிக்கவில்லை. அண்ணன் முன்னால் வாசித்தால் நம்பவில்லை என்று ஆகிவிடாதா. சாயங்காலம் வீட்டில் ஒரு பட்டுப்புடவை இருந்தது, மாம்பழக் கலர், அண்ணி கொடுத்தாள். ஏதோ நல்ல நாளுக்கு என்று நினைத்தேன். மூன்று வருடம் கழித்துத்தான் அது விடுதலைப் பத்திரம், அப்பா வீட்டில் என் பங்கை நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று தெரிந்தது. எனக்கு வீடு போனதில் கோபமில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், சத்தியமாகக் கொடுத்திருப்பேன், அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள். கேட்கவில்லை, அதுதான். ஒரு வாய் வார்த்தைக்குக்கூட நான் தேறவில்லை. அந்தப் புடவையை இன்றுவரை கட்டவில்லை, அட்டைப்பெட்டியில் அடியில் கிடக்கிறது. எனக்காவது ஒரு பெருக்கல் குறி போட்டுவைத்தார்கள். இந்தப் பூமயிலுக்கு அதுவும் இல்லை.

அவள் வருவாள். என்றைக்காவது வருவாள். கோர்ட்டு நோட்டீஸோடு வருவாள் என்று முதலில் பயந்தேன், தபால்காரர் கேட்டைத் தட்டி, இங்கே கையெழுத்துப் போடுங்க என்று நீட்டுவதைப் பகலிலேயே கனவு கண்டேன். இப்போது பயம் அது இல்லை. அவள் நோட்டீஸ் இல்லாமல் சும்மா வருவாள். கேட்டுக்கு வெளியே நின்று முருங்கையைப் பார்ப்பாள். யாரு என்று நான் கேட்பேன், இது எங்க அப்பா வீடு என்பாள், அவ்வளவுதான் சொல்வாள். உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுப்பேன். எங்கள் டம்ளரில் கொடுப்பேன். அவள் குடித்துக்கொண்டே என் அடுப்படியில், என் ஜன்னலில், என் ஆணியில் கண்ணை ஓட்டுவாள். எனக்குத் தெரியாதே என்று சொல்லத் தைரியம் வருமா? வரும். அதுதான் பயமாக இருக்கிறது, அந்தப் பொய்யும் எனக்குச் சரளமாக வந்துவிடும். ஒரு தடவை வந்த வாய்தானே. மணி பதினொன்று நாற்பது. பதினாறாவது டோக்கன்காரர்கள் உள்ளே போகிறார்கள், ஒரே ஒரு கிழவர், கூட இரண்டு சாட்சி. சீக்கிரம் முடிந்துவிடும். எதிரே பிரமு அம்மாள் இப்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வலது கையைப் பார்க்கிறாள். கையைப் புடவைக்குள் சுருட்டிக்கொள்கிறேன்.

"பதினேழு!"

எல்லாரும் எழுந்துவிட்டோம். மணி பதினொன்று நாற்பத்தேழு. அய்யாத்துரை, "வலது கால், வலது கால்" என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டு முன்னால் ஓடுகிறார். வாசல்படியில் ரத்னபாய் மேடம் ஃபைலோடு வந்து நிற்கிறாள், வழியை விடாமல். "எல்லாரும் ஒரு நிமிஷம். செண்பகவல்லி, உள்ள போறதுக்கு முன்னால கடைசியா ஒரு தடவ கேப்பேன், அது என் வழக்கம். நீங்க பாத்து, எங்கிட்ட சொல்லாம விட்டது எதும் இருக்கா?" அய்யாத்துரை, "மேடம், பன்னெண்டாவப் போவுது மேடம், எல்லாம் நீங்களே பாத்ததுதான" என்கிறார். அவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. இல்ல மேடம் என்கிற இரண்டு வார்த்தையும் என் நாக்கு நுனியில் தயாராக நிற்கின்றன, நனைத்துவைத்த தபால்தலை மாதிரி ஒட்டினால் போதும். சின்ன டிக் ஒன்று அடித்துவிடுவாள். அப்புறம் போட்டோ, கைரேகை, ஜன்னல், முருங்கை. நான் வாயைத் திறந்தேன். "பூமயில் யாரு?" என்றேன்.

யாரிடம் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. நெல்லையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். குமரேசன்தான் முதலில், "எந்தப் பூமயிலு?" என்றார், பிறகு குரலை உயர்த்தி, "அவ செத்துட்டா. எவங்கூடயோ போனா, நாங்க அன்னைக்கே தலைமுழுகியாச்சு. இருவத்தஞ்சு வருசம் ஆச்சு, அவளுக்கும் இந்த வீட்டுக்கும் ஒட்டும் கெடையாது ஒறவும் கெடையாது" என்றார். அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டால் தங்கச்சி தீர்ந்துபோவாள் என்று அந்த மனுஷர் நிஜமாகவே நம்பியிருக்கிறார், வாரிசுச் சான்றிதழுக்காக விசாரிக்க வந்த ஆளிடமும் அந்த நம்பிக்கையில்தான் மூன்று பேர் என்று சொல்லியிருக்கிறார். "செத்துட்டாவளா, தலைமுழுகினீங்களா? ரெண்டுல எது?" என்றாள் ரத்னபாய் மேடம். குமரேசன் அய்யாத்துரையைப் பார்த்தார். "நீங்க தலைமுழுகலாம் சார். சட்டம் முழுகாது. அவங்க கையெழுத்து இல்லாம என் கட்சிக்காரங்க இதை வாங்க மாட்டாங்க." என் வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "ஒனக்கு எப்படித் தெரியும்?" டம்ளரில் பேர் வெட்டியிருந்தது என்றேன், மூன்றாவது தடவை போனபோது பார்த்தேன் என்றேன். அவர் கையை எடுத்துவிட்டார். ரத்னபாய் மேடம் கண்ணாடியைக் கழற்றினாள். "அப்போ எங்கிட்ட வந்து யாரும் இல்லன்னு சொன்னப்பவே ஒங்களுக்குத் தெரியும்." ஆமாம் மேடம் என்றேன். "சரி" என்றாள். அந்த ஒரு சரிக்குப் பதிலாக நாலு பேர் முன்னால் கன்னத்தில் அறைந்திருக்கலாம். உள்ளேயிருந்து, "பதினேழு வாறீயளா இல்லையா?" என்று குரல் வந்தது. "இன்னைக்கு இல்ல. அடுத்தாளக் கூப்பிடுங்க" என்றாள்.

குமரேசன் அய்யாத்துரையைப் பிடித்துக்கொண்டு வேறு ஆளா கிடைக்காது என்று கத்திக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் படியில் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அட்டைப்பெட்டிகள் ஞாபகம் வந்தன, மாதக் கடைசி ஞாபகம் வந்தது, மனசுக்குள் அந்த அடுப்படி ஜன்னல் தானாக மூடிக்கொண்டது. அப்போது என் கையில் இன்னொரு கை பட்டது, தோல் தளர்ந்த, சூடான கை. "கழுகுமலையில இருக்கா" என்றாள் பிரமு அம்மாள். "மூணு பிள்ளைய. மூத்தவ காலேஜ் படிக்கா." மூத்த மகன் "எம்மா!" என்று அதட்டினார். அவள் காதில் வாங்காமல் முந்தி முடிச்சை அவிழ்த்து, நாலாக எட்டாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள். "என் வாயால சொன்னா எனக்கு இங்க சோறு கெடையாது. வீடு பாக்க எத்தன பேரு வந்தாவ. எல்லாருக்கும் அந்த டம்ளர்லதான் தண்ணி குடுத்தேன். ஒருத்தராவது பேரப் பாத்துட்டு இது யாருன்னு கேக்க மாட்டாவளான்னு." என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான் அன்னைக்கே வாசிச்சேம்மா" என்றேன். "வாசிச்சுட்டு, கேக்கல."

"தெரியும் தாயி" என்றாள். "குடிச்சிட்டு பேரச் செவுத்துப் பக்கமாத் திருப்பி வச்சியே. அன்னையிலேருந்து நீ எப்பக் கேப்பன்னுதான் பாத்துட்டு இருக்கேன்."

காகிதத்தை என் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கினாள். விரித்துப் பார்த்தேன். யாரோ சின்னப் பிள்ளையை விட்டு எழுதவைத்த போன் நம்பர், மடிப்பில் எல்லாம் நீல மை ஊறியிருந்தது. கண்ணில் எழுத்து நிற்கவில்லை. மூன்று தடவை முயன்றும் முதல் இரண்டு எண்ணுக்கு மேல் போக முடியவில்லை. அதை ரத்னபாய் மேடத்திடம் நீட்டி, கொஞ்சம் வாசித்துச் சொல்லுங்கள் என்றேன்.